கிடைச்சதை வெச்சு தோட்டா ரொப்பாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் குடியாத்தத்துல இருந்து எழுதறேன். 31 வருஷம் தீப்பெட்டி கம்பெனியில வேலை பாத்தவன், அதுல கடைசி 12 வருஷம் மருந்து கலக்கற ரூம்ல மேஸ்திரி. துப்பாக்கி புடிச்சி சுட்டவன் கிடையாது. ஆனா போன வாரம் ஒடுகத்தூர் பக்கத்துல இருந்து என் தம்பி புள்ள போன் பண்ணி ஒரு விஷயம் கேட்டான், அன்னிலேர்ந்து மனசு ஒரு நிலையில இல்ல, அதான் பேனா எடுத்துட்டேன்.

அவனுக்கு மலையடிவாரத்துல ரெண்டரை ஏக்கர் நெலம், வேர்க்கடலை போட்டா பன்னி வந்து ஒரே ராத்திரியில ஏர் ஓட்டின மாதிரி கெளறிட்டு போயிடுது. அவங்க அம்மா வழி தாத்தாவோட 12 போர் துப்பாக்கி (போர்னா கொழாய் பருமனோட அளவு), லைசென்ஸ் முறையா இவன் பேருக்கு மாறியிருக்கு. பன்னியை சுடறதுக்கு இல்ல, அந்த அதிகாரம் வனத்துறைக்குத்தான், சத்தம் போட்டு வெரட்டத்தான் வெச்சிருக்கான். தோட்டாவுக்கு வேலூர் வரைக்கும் வரணும், வந்தாலும் கேட்ட நம்பர் இருக்கறதில்ல, வெலையும் கட்டுப்படி ஆவலைன்னு பொலம்பினான். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். "பெரியப்பா, அமெரிக்காவுல மாமா வீட்லயே தோட்டா ரொப்பறாரு இல்ல, அதுக்கு இன்னா இன்னா சாமான் வேணும், எந்த மருந்து, எந்த கேப்பு, கேட்டு சொல்லுங்க, இங்க கெடைக்கறதை வெச்சி நாமளும் பண்ணிக்கலாம்"னு கேட்டான். மாமான்னு அவன் சொன்னது அமெரிக்காவுல இருக்கற என் மாப்ளையை. இங்க கெடைக்கறதை வெச்சின்னு அவன் சொன்ன அந்த வார்த்தைதான் எனக்கு வயித்தை கலக்கிடுச்சி.

சட்டத்தை முதல்லயே சொல்லிடறேன், அதுல பேச்சுக்கே எடமில்ல. 1959 ஆயுத சட்டம் 5-ஆவது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி மட்டும் இல்ல தோட்டாவும் தயாரிக்க கூடாது, துப்பாக்கி வெச்சிக்கற லைசென்ஸ் வேற தோட்டா தயாரிக்கற லைசென்ஸ் வேற, தாத்தா காலத்து லைசென்ஸ் கையில இருக்குதேன்னு கொட்டாயில உக்காந்து தோட்டா ரொப்பினா நேரா ஜெயில்தான். இதை அவன்கிட்ட சொன்னேன். "யாரு பெரியப்பா பாக்கப் போறா"ன்னான். சட்டத்துக்கு பயப்படாதவன் வேற எதுக்காவது பயப்படணும் இல்ல, அதனாலதான் மீதியை எழுதறேன், இவன் ஒருத்தனுக்கு இல்ல, அணைக்கட்டு, பேர்ணாம்பட்டு, ஜவ்வாது மலை பக்கம் இவன் மாதிரி நெறைய பேரு இருக்காங்க, எல்லார் செல்போன்லயும் தோட்டா ரொப்பற வீடியோ ஓடிக்கினு இருக்கு.

எங்க மாமா ஒருத்தர், அம்மாவோட கூடப்பொறந்தவரு. 1981-ல அவருகிட்ட வாய் வழியா ரொப்பற நாட்டு துப்பாக்கி இருந்தது, லைசென்ஸோட. கருமருந்தை ஒரு சின்ன பித்தளை குப்பியால அளந்து கொட்டி, தேங்கா நாரு வெச்சி கம்பியால குத்தி, மேல ரவைங்கற சின்ன சின்ன குண்டை போட்டு திரும்ப குத்துவாரு. 20 வருஷமா அதே குப்பி, அதே அளவு, ஒண்ணும் ஆவல. ஒரு நாள் கருமருந்து தீந்து போச்சி. யாரோ ஒருத்தர் கம்பெனி தோட்டாவை பிரிச்சி அதுல இருந்த மருந்தை குடுத்தாரு, சாம்பல் நெறத்துல சன்னமா செதில் செதிலா இருந்ததாம், பொகையே வராது ரொம்ப சுத்தமான மருந்துன்னு சொல்லி குடுத்திருக்காரு. மாமா அதே குப்பியால அதே அளவு போட்டாரு. அந்த பொகையில்லா மருந்து கொழாய்க்குள்ள அடைபட்டா கருமருந்தை விட ரொம்ப ஜாஸ்தி அழுத்தம் குடுக்கும், கொள்ளளவு பாத்து ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணு போடவே கூடாத மருந்து. கொழாய் நடுவுல பொளந்துக்கிச்சி. இடது கையில கட்டை விரலும் பக்கத்து ரெண்டு விரலும் போச்சி. வேலூர்ல ஆஸ்பத்திரியில 40 நாள் வெச்சிருந்தோம். அதுக்கப்புறம் சாவற வரைக்கும் மாமா வெத்தலையை மிச்சம் இருந்த ரெண்டு விரல் இடுக்குல வெச்சி வலது கையால சுண்ணாம்பு தடவுவாரு, சின்ன பையனா இருந்த என் தம்பி அதையே பாத்துக்கினு உக்காந்திருப்பான். அவன் பெத்த புள்ளைதான் இப்ப எனக்கு போன் பண்றது.

2022-ல பொண்ணு பிரசவத்துக்காக நானும் எங்க வீட்லயும் டெக்சாஸ் போயி 6 மாசம் இருந்தோம். மாப்ள காட்பாடிக்காரர், அங்க கம்ப்யூட்டர் வேலை, சனிக்கிழமை ஆனா கிளப்புக்கு போயி பறக்க விடற களிமண் தட்டை சுடற பழக்கம். ஒரு ரவுண்டுக்கு 25 தோட்டா, காலையில நாலு ரவுண்டு போனா 100 தோட்டா காலி. சுட்ட கூட்டை பொறுக்கி எடுத்தாந்து கார் ஷெட்ல ஒரு கைப்புடி மெஷின்ல திரும்ப ரொப்புவாரு. அந்த ஊர்ல அது சட்டப்படி சாதாரண விஷயம், கேப்பு, மருந்து, ஈயம் எல்லாம் கடையில விக்கறாங்க. எனக்கு மொதல்ல பக்குனு ஆச்சி, மருந்து ரூம்ல 12 வருஷம் இருந்தவன் இல்லையா. ஆனா பக்கத்துல ஸ்டூல் போட்டு நாள் கணக்குல பாத்ததுல ஒண்ணு தெளிவா புரிஞ்சிது. அந்த மனுஷன் எந்த சாமானையும் தனியா தேர்ந்தெடுக்கறதே கெடையாது. கூடு, கேப்பு (அடிச்சதும் நெருப்பு புடிச்சி மருந்தை பத்த வைக்கற சின்ன மூடி), மருந்து, வாடு (மருந்துக்கும் ரவைக்கும் நடுவுல வைக்கற அடைப்பு), ரவை, இந்த அஞ்சும் ஒரே குடும்பம், எந்த கூட்டுக்கு எந்த கேப்பு எந்த மருந்து எந்த வாடு எவ்வளவு ரவைன்னு மருந்து கம்பெனிக்காரன் மெஷின்ல அழுத்தத்தை அளந்து பாத்து புத்தகமா போட்டிருக்கான், அதுல ஒரு வரியை எடுத்தா அந்த வரி முழுசா எடுக்கணும். அதுல நாலு சரியா இருக்குது ஒண்ணு மட்டும் வேற கம்பெனின்னா அந்த வரியே கெடையாது, வேற வரி தேடணும்.

கூடுன்னா வெளியில இருக்கற பிளாஸ்டிக் குழாய், அடியில பித்தளை மூடி. நான் எல்லாம் ஒண்ணுதானே, கலர்தானே வேறன்னு கேட்டேன். மாப்ள ஒண்ணும் சொல்லல, சுட்ட கூடு ரெண்டு எடுத்து பிளேடால நீளவாக்குல ரெண்டா கிழிச்சி என் கையில குடுத்தாரு. வெளியில பாக்க ரெண்டும் ஒரே உயரம் ஒரே பருமன். உள்ள பாத்தா ஒண்ணு அடிப்பக்கம் போகப் போக சொவரு தடிச்சி குறுகிக்கினே போவுது, நம்ம இட்லி குண்டான் அடி மாதிரி வளைவா, எல்லாம் ஒரே வார்ப்பு. இன்னொண்ணு மேலேர்ந்து கீழ வரைக்கும் நேரா பைப்பு மாதிரி, அடியில தனியா ஒரு வட்டு சொருகியிருக்கு. முதல் கூட்டுல எடம் கம்மி, ரெண்டாவதுல எடம் ஜாஸ்தி. ஒரே மருந்து ஒரே அளவு போட்டாலும் ரெண்டுலயும் அழுத்தம் வேற வேற மாதிரி வரும், ஒண்ணுக்கு சரியா ஒக்கார்ற வாடு இன்னொண்ணுல லொடலொடன்னு நிக்கும், இல்லன்னா நசுங்கும். அந்த தனி வட்டு இருக்கு பாருங்க, அது சில சமயம் கழண்டு கொழாய்க்குள்ள போயி நிக்குமாம், அடுத்த தோட்டாவை அது மேல சுட்டா முடிஞ்சிது கதை. அதனால ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்துல காமிச்சி உள்ள பாப்பாரு, வாய் ஓரம் வெடிச்சிருந்தாலோ அடியில கருகியிருந்தாலோ தூக்கி போட்டுடுவாரு. கீழ கெடந்த கூட்டை எவனோ சுட்டதுன்னு பொறுக்கறதே இல்ல.

கேப்புல ஏமாறறவங்கதான் ஜாஸ்தின்னு அவரு சொன்னாரு. அந்த ஊர்ல 12 போர் தோட்டாவுக்கு 209-ன்னு ஒரு சைஸ் கேப்பு, நாலஞ்சு கம்பெனி பண்றான், பெரும்பாலும் எல்லாமே எல்லா கூட்டுலயும் பொருந்தும். பொருந்துதுன்னா போடலாம்னு அர்த்தம் இல்ல. சில கேப்பு சூடு ஜாஸ்தி, சில கேப்பு சூடு கம்மி. மத்த நாலும் அப்படியே வெச்சி கேப்பை மட்டும் மாத்தினா அழுத்தம் ஒரு சதுர இஞ்சுக்கு 1,000, 2,000 பவுண்டு வரைக்கும் கூட எகிறலாம். 12 போர் சாதாரண தோட்டாவுக்கு அங்க வெச்சிருக்கற உச்ச வரம்பே 11,500 பவுண்டுதான். ஒரு ஒப்பீட்டுக்கு சொல்றேன், ஆம்பூர் ரோட்டுல லாரி டயருக்கு காத்து புடிக்கறாங்களே, அது நூத்து சொச்சம் பவுண்டு, அந்த டயர் வெடிச்சி ஆளையே தூக்கி போட்டதை நாம பாத்திருக்கோம். அதை மாதிரி நூறு மடங்கு அழுத்தம் நம்ம கன்னத்துக்கு பக்கத்துல நிக்குது. கொரோனா சமயம் அங்க கேப்பு தட்டுப்பாடு, கடையே காலியாம். மாப்ள கிளப்ல ஒருத்தர் வேற கம்பெனி கேப்பு சும்மாவே குடுக்கறேன்னு சொல்லியிருக்காரு. இவரு புத்தகத்தை பொரட்டி பாத்திருக்காரு, தன்கிட்ட இருந்த மருந்துக்கும் கூட்டுக்கும் அந்த கேப்போட ஒரு வரி கூட இல்ல. வாங்கல. மூணு மாசம் மெஷினுக்கு துணி போட்டு மூடி வெச்சிருந்தேன் மாமான்னாரு. அந்த பொறுமையை பாத்துதான் எனக்கு அவரு மேல நம்பிக்கையே வந்திச்சி.

மருந்துல வேகமா எரியறது, மெதுவா எரியறதுன்னு வகை உண்டு. ரவை எடை கம்மியான தட்டு சுடற தோட்டாவுக்கு வேகமான மருந்து, எடை ஜாஸ்தியான தோட்டாவுக்கு மெதுவா எரியற மருந்து. பாரமான ரவைக்கு வேகமான மருந்தை போட்டா ரவை நகர்றதுக்குள்ள அழுத்தம் உச்சிக்கு போயிடும். கண்ணால பாத்தா எது எதுன்னே தெரியாது, எல்லாம் சாம்பல் கலர் செதில், சிலதுல அடையாளத்துக்கு செவப்பு பச்சை புள்ளி கலந்திருப்பான் அவ்வளவுதான். அதனால மேஜை மேல ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும், வேலை முடிஞ்சா மிச்சத்தை அதே டப்பாவுல கொட்டி அலமாரியில வெச்சிட்டுதான் அடுத்தது. டப்பாவுல பேரு கிழிஞ்சிருந்தா அந்த மருந்தை யோசிக்காம தோட்டத்து செடிக்கு உரமா கொட்டிடறாங்க. எங்க கம்பெனியிலயும் அதே கட்டுப்பாடுதான், அன்னிக்கு முக்கறதுக்கு வேண்டிய மருந்து மட்டும்தான் டேபிளுக்கு வரும், குச்சி தலையில வைக்கற குளோரேட்டு மருந்தும் பெட்டி பக்கத்துல தடவற செவப்பு பாஸ்பரஸும் ஒரே கூரைக்கு கீழ கூட வராது. இதை ஏன் சொல்றேன்னா நம்ம பக்கம் நாட்டு துப்பாக்கிக்கு தீக்குச்சி மருந்தை சொரண்டி போடறவங்க இருக்காங்க. ஐயா, அந்த மருந்தை நான் கையால கலந்தவன். அது உரசினா புடிக்கறதுக்குன்னே பண்ண மருந்து, மருந்து ரூம்ல ஈரம் காஞ்சா அதை தொடக்கூட விட மாட்டோம். அதை இரும்பு கொழாய்க்குள்ள போட்டு இரும்பு கம்பியால குத்தறது எவ்வளவு பெரிய கொடுமைன்னு அந்த ரூம்ல நின்னவனுக்குத்தான் தெரியும். தயவு செஞ்சி பண்ணாதீங்க.

மெஷின்ல மருந்து அளக்க ஒரு சின்ன குழல் இருக்கு, நம்பர் போட்டது. அந்த நம்பருக்கு இவ்வளவு எடை விழும்னு அட்டவணை இருந்தாலும் மாப்ள அதை நம்பறதில்ல, 10 தரம் கொட்டி தராசுல நிறுத்துதான் ஆரம்பிப்பாரு, கைப்புடியை வேகமா அடிச்சா ஒரு எடை மெதுவா அடிச்சா ஒரு எடை விழுது, அதை நானே தராசுல பாத்தேன்.

வாடு பத்தி நெறைய சொல்ல தேவையில்ல, மருந்துக்கும் ரவைக்கும் நடுவுல ஒக்கார்ற பிளாஸ்டிக் கிண்ணம், அடியில மெத்தை மாதிரி கால், அடிப்பாவாடை கூட்டு சொவத்தோட ஒட்டி நின்னு காத்து கசியாம அடைக்கும். மாமா காலத்து தேங்கா நாரு செஞ்ச வேலைதான். ரவை எடைக்கு ஏத்த உயரத்துல வாடு இல்லன்னா கூட்டு வாயை மடிக்கும்போது தெரிஞ்சிடும், உள்ள பொருள் கம்மியா இருந்தா மடிப்பு குழி விழும், ஜாஸ்தியா இருந்தா மடிப்பு மூடாம பூ மாதிரி விரிஞ்சி நிக்கும். மடிப்பு 6 இதழ் 8 இதழ்னு ரெண்டு வகை, பழைய கூட்டுல எத்தனை இருந்திச்சோ அதே எண்ணிக்கையில மடிக்கணும். ரவையில ஈயத்துக்கு போட்ட கணக்கை எஃகு ரவைக்கு போடவே கூடாது. ஈயம் நசுங்கும், எஃகு நசுங்காது, அதுக்கு தனி வாடு, தனி மருந்து, தனி வரி. அங்க 1991-லேர்ந்து நாடு முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை தடை, ஏரியில விழுந்த ஈயத்தை தின்னு பறவைங்க செத்துச்சின்னு. ஈயம் நமக்கும் ஆவாதுதான், மாப்ள கையுறை போட்டுதான் ரவை மூட்டையை தொடுவாரு, அந்த ஷெட்ல ஒரு வாய் காபி கூட குடிக்க விட மாட்டாரு, வேலை முடிச்சி சோப்பு போட்டு கை கழுவிட்டுதான் பேத்தியை தூக்குவாரு.

இவ்வளவும் பண்ணி மிச்சம் எவ்வளவுன்னு கேட்டேன். 12 போருக்கு பெருசா ஒண்ணும் இல்ல மாமா, கடையில மலிவு தோட்டா கெடைக்குது, சின்ன போரு துப்பாக்கிக்குத்தான் லாபம், நான் ஆசைக்கு பண்றேன்னு சொல்லிட்டாரு. எல்லா சாமானும் கடையில கெடைக்கற ஊர்ல, சோதிச்சி போட்ட புத்தகம் கையில வெச்சிக்கினு பண்றவருக்கே அவ்வளவுதான் மிச்சம். இங்க நமக்கு அந்த கூட்டுக்கு அந்த கேப்பு கெடைக்காது, அந்த மருந்து கெடைக்காது, புத்தகத்துல ஒரு வரி கூட நம்ம கையில இருக்கற சாமானுக்கு பொருந்தாது. அப்ப தேர்ந்தெடுக்கறதுன்ற பேச்சே இல்லையே ஐயா, கையில சிக்கினதை திணிக்கறதுதான் நடக்கும்.

தம்பி புள்ளைகிட்ட இன்னொண்ணும் கேட்டேன், தாத்தா துப்பாக்கியில எவ்வளவு நீளம் தோட்டா போடணும் தெரியுமாடான்னு. தெரியாதுன்னான். பழைய 12 போர் துப்பாக்கி பலதுல தோட்டா அறை ரெண்டரை இஞ்சு, அதாவது 65 மில்லிமீட்டர்தான். இப்ப வர்றது பெரும்பாலும் ரெண்டே முக்கால் இஞ்சு, 70 மில்லிமீட்டர். வாய் மடிச்சிருக்கறதால பெரிய தோட்டாவும் சின்ன அறையில அழகா உள்ள போயி ஒக்காந்துக்கும், சுட்டப்புறம்தான் மடிப்பு விரிஞ்சி முன்னாடி குறுகலான எடத்துல போயி அடைக்கும், அழுத்தம் ஏறும். கடையில வாங்கின நல்ல தோட்டாவே இந்த மாதிரி துப்பாக்கியை உருக்குலைக்கும். பல துப்பாக்கியில கொழாய்லயே எழுதியிருக்கும், படிக்க தெரிஞ்சவங்க பாத்து சொல்லணும். அதே மாதிரி 20 போர் தோட்டா 12 போர் கொழாய்ல உள்ள வழுக்கிட்டு போயி நடுவுல நின்னுடும், வெளியில தெரியாது, அது மேல 12 போர் தோட்டாவை போட்டு சுட்டா கொழாய் பொளக்கும். அதுக்காகவேதான் 20 போர் கூட்டை மஞ்சள் கலர்ல பண்றாங்க. வீட்ல ரெண்டு போரும் வெச்சிருக்கறவங்க ஒரே பையில ரெண்டு தோட்டாவையும் போடாதீங்க.

ஆசிரியர் ஐயா, உங்க பேப்பரை கலெக்டர் ஆபீஸ்லயும் எஸ்.பி. ஆபீஸ்லயும் படிக்கறாங்கன்ற நம்பிக்கையில ரெண்டு கோரிக்கை வைக்கறேன். 2019 திருத்தத்துக்கு அப்புறம் துப்பாக்கி லைசென்ஸ் 5 வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்கறாங்க. அப்ப பேப்பரை மட்டும் பாக்காம, ஆயுதப்படையில துப்பாக்கி பாக்கற ஆளை வெச்சி கொழாயையும் அறை நீளத்தையும் அளந்து, இந்த துப்பாக்கிக்கு இந்த தோட்டாதான்னு லைசென்ஸ் புத்தகத்துலயே எழுதி குடுத்தா எங்க மாதிரி கிராமத்து ஜனங்களுக்கு புண்ணியமா போவும். எலக்ஷன் வந்தா பெரும்பாலான துப்பாக்கி ஸ்டேஷனுக்கு வருது, அப்ப கூட பாக்கலாம், தனியா யாரையும் அலைய விட தேவையில்ல. ரெண்டாவது, பயிர் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வெச்சிருக்கற விவசாயிங்களுக்கு கம்பெனி தோட்டா குடியாத்தம், ஒடுகத்தூர் மாதிரி எடத்துல மாசம் ஒரு நாளாவது கெடைக்கற மாதிரி வழி பண்ணணும். நல்ல தோட்டா கைக்கு எட்டினா எவனும் கொட்டாயில உக்காந்து மருந்து கலக்க மாட்டான்.

ஞாயித்துக்கிழமை நான் ஒடுகத்தூர் போறேன். மாப்ள கிழிச்சி குடுத்தாரே அந்த ரெண்டு கூடு, அதுல பித்தளையை எடுத்துட்டு வெறும் பிளாஸ்டிக் பாதியை ஊருக்கு கொண்டாந்து பீரோவுல வெச்சிருக்கேன். அதையும் மாமா போட்டோ ஒண்ணையும் எடுத்துக்கினு போறேன், 1984-ல எங்க தங்கச்சி கல்யாணத்துல எடுத்தது, இடது கையை வேட்டிக்குள்ள மறைச்சிக்கினு ஓரமா நிக்கறாரு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தீப்பெட்டி கம்பெனி மேஸ்திரி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.